பென்சில் கட்டிய கிட்டார்

அன்புள்ள மொட்டை,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய வெல்லம் வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போனது. சரோ நலம். எனக்குச் சர்க்கரை 180-ஐத் தொட்டிருக்கிறது. வெல்லத்தை யார் தீர்த்தது என்று கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதுதான் சரி. 1988-ல் ஹாஸ்டல் மொட்டை மாடியில், கிட்டார் கழுத்தின் ஏழாவது ஃபிரெட்டில் (குறுக்குக் கம்பிக் கட்டத்தில்) பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, "ஈகிள்ஸ் குழுவோட ஹோட்டல் கலிஃபோர்னியா பாட்டை இப்படித்தான்டா வாசிச்சிருக்கான்" என்றாயே, அது. விழுந்து விழுந்து சிரித்தேன். மேடையில் பென்சிலைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு முழுக்கப் பி மைனர் கார்டை, அந்தச் சுரக் கூட்டை, ஐந்து விரலும் கடுக்க அமுக்கி வாசித்துவிட்டு, "இதுதான் ஆண்மை" என்று வேறு பேசினேன்.

விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து ஒரே வேலைதான். அந்தப் பாட்டின் கிட்டார் பகுதிகள் அத்தனையையும் நானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். நம் காலத்தில் டேப்பில் பேட்டரி இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும், நாமும் கூடவே தந்தியைத் தளர்த்திக்கொண்டு போவோம். இப்போது சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம். அப்படிக் கேட்டபோதுதான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. அந்தத் தொடக்கம் பன்னிரண்டு தந்தி கிட்டார். ஏழாவது ஃபிரெட்டில் கேப்போ, எல்லாத் தந்தியையும் ஒருசேர அமுக்கிப் பிடிக்கும் கவ்வி, உன் பென்சில் செய்த அதே வேலை. அந்தக் குழுவின் கிட்டார்காரர் டான் ஃபெல்டர் மெட்டைப் போட்டதே ஈ மைனர் சுருதியில்தான். பாடகர் டான் ஹென்லி பாடிப் பார்த்தபோது அது குரலுக்கு ஒத்துவராததால் பி மைனருக்கு மாற்றினார்கள். கேப்போவை மாட்டிவிட்டால் விரல் பழைய ஈ மைனர், பி செவன், டி, ஏ என்று சுகமாகப் போகிறது, காதில் விழுவதோ பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ. அமுக்காத தந்திகள் கேப்போவுக்கு இந்தப் பக்கம் அவிழ்த்துவிட்ட மாதிரி ஒலிக்கின்றன. நான் அமுக்கி அமுக்கி அந்த ஒலியைத்தான் முப்பத்தைந்து வருஷமாகக் கொன்றிருக்கிறேன். உன் பென்சிலுக்கு என் மன்னிப்பைச் சொல்லிவிடு.

இன்னொன்று கேள். ஃபெல்டர் மலிபு கடற்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது இதற்கு முன்மாதிரிப் பதிவு ஒன்றைச் செய்து, கேசட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு 1976-ல் மியாமியில் ஸ்டுடியோவில் பதிவு நடக்கிறது. கடைசி சோலோவுக்கு, அந்தத் தனி கிட்டார் வாசிப்புக்கு, அவரும் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஜோ வால்ஷும் மனம் போன போக்கில் வாசிக்க ஆரம்பித்தால், ஹென்லி நிறுத்திவிட்டார். கேசட்டில் இருந்த மாதிரியேதான் வேண்டுமாம். ஃபெல்டருக்குத் தான் வாசித்ததே நினைவில்லை! மலிபு வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, போன் பக்கத்தில் வைத்துப் பாட விடச் சொல்லி, அதை மியாமியில் பதிவு செய்து, தான் வாசித்ததைத் தானே திரும்பக் கற்றுக்கொண்டாராம். போட்டவனுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்.

அந்தச் சோலோதான் என்னைப் படுத்துகிறது. ஆறரை நிமிஷப் பாட்டில் கடைசி இரண்டு நிமிஷம். ஃபெல்டர் ஒரு கை, வால்ஷ் ஒரு கை என்று மாறி மாறிப் போய், முடிவில் இரண்டு கிட்டாரும் ஒவ்வொரு கார்டையும் உடைத்துச் சுரம் சுரமாகச் சேர்ந்து இறங்குகின்றன. தனித்தனியாகக் கேட்டால் நான் வாசித்த இரண்டும் சுத்தம். சேர்த்துப் போட்டால் மாமியார் மருமகள். ஃபெல்டர் பாகத்தை வாசித்த அதே கை வால்ஷ் பாகத்தையும் வாசித்தால், தந்தியை இழுப்பதுகூட ஒரே மாதிரிதான் இழுக்கிறது. அது இருவர் பேசிக்கொள்ளும் இடம், மொட்டை. நான் தனியாக உட்கார்ந்து புலம்புகிற மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு இடது மோதிர விரல் காலையில் மடங்கினால் நிமிர மறுக்கிறது. வென்னீரில் ஊறவைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். சரோ, "இந்த ஹோட்டலை எப்பக் காலி பண்ணப் போறீங்க?" என்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிக்கல். ரெக்கார்டில் பாட்டு முடிவதே இல்லை, மெல்லத் தேய்ந்து மறைந்துவிடுகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது என்று நமக்காக ஒரு முடிவு போட்டது மணிதான். அந்த இறக்கத்திலிருந்து எங்கோ திரும்பி, ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவானே. கூட்டம் ஒரு நொடி முழித்துவிட்டுத்தான் கைதட்டும். இருபது தடவை முயன்று பார்த்தேன். திரும்புகிற இடம் வரை வருகிறது, அதற்கு மேல் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக்கொள்ள அவனும் இல்லை. போன கார்த்திகையோடு மூன்று வருஷம். அவன் இருந்தபோது ஒருநாள் கேட்டிருக்கலாம். எத்தனை முறை போனில் பேசினோம், எல்லாம் பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும்.

கடைசி வருஷம் வார்டன் தூங்கிய பிறகு மெஸ்ஸில் வாசித்ததை அவன் ஒரு கேசட்டில் பதிந்தான், ஞாபகமிருக்கிறதா? அது உன்னிடம்தான் வந்தது. பரணில் தேடு. பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்காதே, அப்படியே வை. கூரியரில் அனுப்பவும் வேண்டாம், பயமாக இருக்கிறது. ஓடுகிற டேப் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, போனைப் பக்கத்தில் வைத்துப் போடு. நான் இங்கே பதிந்துகொள்கிறேன்.

வால்ஷ் பாகத்தை உனக்காகக் காலியாக வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, அதற்குள் சரோவின் சீரியல் முடிந்துவிடும்.

உன்,
நெட்டை