ஹூபிலார்சே: ஓய்வுபெற்ற என் ஆசிரியைக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஸ்பானிய மொழியின் முதல் வினைச்சொல்லைக் கற்பித்த தாங்கள், சென்ற வாரக் கடிதத்தில், "ரிடையர் ஆகிவிட்டேன், இனி கிழவிதானே" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 'ரிடையர்' என்பது பின்வாங்குதல், ஒதுங்கிக்கொள்ளுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. களத்திலிருந்து படை பின்வாங்குவதையும் அச்சொல்லால் குறித்தார்கள். தாங்கள் வாழ்நாளெல்லாம் கற்பித்த மொழியிலோ பணி ஓய்வு பெறுவதற்கு 'ஹூபிலார்சே' என்று பெயர். மகிழ்ச்சியால் ஆர்ப்பரிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையே அதன் வேர்.

ஆங்கிலத்தில், பிறந்து இரண்டு நாளான குழந்தையும் இரண்டு நாள் 'ஓல்ட்' தான். அச்சொல்லின் ஆதிப்பொருள் ஊட்டி வளர்த்தல் என்றாலும், இன்று 'பழையது' என்ற பொருளே செவியில் விழுகிறது. ஸ்பானியர்களோ ஆண்டுகளைத் தம்மிடம் இருப்பவையாக, 'தெனேர்' என்ற வினையால் சொல்கிறார்கள். பிறந்தநாளில் அவற்றை நிறைவு செய்கிறார்கள். நாமும் 'அறுபது நிறைந்தது' என்றுதானே சொல்கிறோம்?

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'மயோர்'. 'மேலும் பெரிய' என்பதே அதன் நேர்ப்பொருள். வயதில் மூத்தவரை 'பெர்சோனா மயோர்' என்பதும், அக்காவை 'எர்மானா மயோர்' என்பதும், நாம் 'பெரியவர்', 'பெரியம்மா' என்று சொல்லும் அதே வழக்கில் அமைந்தவை. மெக்சிகோவில் 1979-இல் முதியோருக்காகத் தொடங்கிய அரசு நிறுவனத்தின் பெயரில் முதலில் 'செனெக்தூத்', அதாவது மூப்பு என்ற சொல் இருந்தது; 2002-இன் தொடக்கத்தில் அது 'நிறைவாழ்வில் உள்ளோர்' என்று மாறி, அதே ஆண்டிலேயே 'மயோர்' என்ற சொல்லுக்கு வந்து நிலைத்தது. ஒரு நாடு தன் பெரியவர்களை எப்படி அழைப்பது என்று இவ்வளவு யோசித்தது என்பதே என்னை நெகிழச் செய்கிறது.

ஆனால் ஸ்பானியம் குற்றமற்ற மொழி என்று நான் வாதாட வரவில்லை. 'வியேஹோ', அதாவது கிழவன் என்று இகழ்வோரும் உண்டு. அர்ஜென்டினாவில் பெற்ற தாயை 'மி வியேஹா', அதாவது 'என் கிழவி' என்று வாஞ்சையோடு குறிப்பிடும் பிள்ளைகளும் உண்டு. வயதைக் காட்டி ஒதுக்குவதைக் குறிக்க, 1969-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 'ஏஜிசம்' என்ற சொல்லை உருவாக்கினார். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியில் அதற்கு இணையான 'எதாதிஸ்மோ' இடம்பெற்றதோ 2022-இல்தான். அந்த இழிவு இரு சமூகங்களிலும் சொல் பிறப்பதற்கு முன்பே இருந்தது.

ஆகவே 'கிழவி' என்று தங்களை எழுதிக்கொள்ள வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் புரட்டாசியில் தங்களுக்கு அறுபத்தொன்று நிறைகிறது. அன்று ஸ்பானிய மொழியில் வாழ்த்து எழுதி அனுப்புவேன். பிழை இருந்தால் முன்போலவே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள்.

தங்கள் அன்புள்ள மாணவன்