உன் அப்பத்தா செய்த பழப்பை

கொடைக்கானல்,
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுட்ட ஆப்பிள் பையை (pie) எடுத்து அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். அங்கே ஜெர்மனியில் எல்பே ஆற்றுக்கு அக்கரையில் ஆல்டஸ் லாண்ட் என்ற பழத்தோட்டப் பகுதி வரைக்கும் போய், தோட்டத்திலேயே ஒரு கூடை ஆப்பிள் வாங்கி வந்தாயாமே. மேல் மாவு நன்றாகச் சிவந்திருக்கிறது. ஆனால் அடிமாவு வேகாமல் சொதசொதவென்று நின்றுவிட்டது, அப்பத்தா செய்த மாதிரி வரவில்லை, அவள் அளவு என்ன என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அளவு என்று எதையும் அவள் எழுதி வைக்கவில்லை. அவளுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் என்பதால், பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் வீட்டில் எப்படி இந்தப் பை வந்தது என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. அமெரிக்க மிஷனரிகள் மதுரைப் பக்கத்துக் காய்ச்சலுக்குத் தப்பி மலையேறி வந்து, 1845ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். இந்த ஊர் தொடங்கியது அப்படித்தான். பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் வெள்ளைக்காரர்களோடு வந்து இங்கே வேர்விட்ட மரங்கள். நான் பிறப்பதற்கு முன்பே, பதினைந்து வயதில், அப்பத்தா ஒரு துரைசானி வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். ஏப்ரலில் அவர்கள் மேலே வந்தால் ஜூன் வரை வேலை. இரண்டு மூன்று சீசனில் சமையலே அவள் கைக்கு வந்துவிட்டது. பை என்றால் நமக்குத் துணிப்பைதான் தெரியும். பழத்தை உள்ளே போட்டு வாயைக் கட்டுவதால் இதற்கும் அதே பெயர் என்றே அப்பத்தா கடைசிவரை நம்பினாள். பழப்பை என்றுதான் சொல்லுவாள். எனக்கும் அதுவே பொருத்தமான பெயராகத் தோன்றுகிறது.

அந்த வீட்டில் இரும்பு அடுப்பு இருந்தது. நம் வீட்டில் என்ன இருந்தது? நீ பார்த்தது கேஸ் வந்த பிறகு உள்ள அடுப்படி. அதற்கு முன் அது தகரக் கூரை போட்ட சின்னச் சாய்ப்பு. மண்ணால் பூசிய கொடி அடுப்பு, சீகை விறகு, ஊதுகுழல், மூலையில் அம்மி. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தால் வீடு முழுக்கப் புகைதான். ஏழாயிரம் அடி உயரம் இல்லையா, இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் வருவதற்கு முன்னால் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய் வருவாள், திரும்பி வந்தும் அது வெந்திருக்காது. அதனால் எங்களுக்கு அன்றாடம் மலைப்பூண்டுக் குழம்பும், தணலில் புதைத்துச் சுட்ட உருளைக்கிழங்கும்தான். கிழங்கின் கருகின தோலை உரித்து, கல் உப்பை விரலால் நசுக்கித் தூவிக் கொடுப்பாள். குளிருக்கு அதை முதலில் கையில் பிடித்துக்கொள்வோம், அப்புறம்தான் சாப்பிடுவோம். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது தம்பி.

ஆகஸ்ட், செப்டம்பரில் நாட்டுப் பேரி விழும். கல் மாதிரி இருக்கும், கடித்தால் பல்லில் மணல் அரைபடும். டூரிஸ்ட்காரர்கள் ஒன்று வாங்கிக் கடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மரத்தடியில் கிடப்பதை மாட்டுக்குப் போடுவோம். அந்தப் பேரிதான் பைக்கு உயிர். பழுத்து இளகின பழம் சூட்டில் கூழாகிவிடும். இது கடைசிவரை துண்டு துண்டாக நிற்கும், ஆனால் வாயில் வைத்தால் கரையும். நீ ஆப்பிளில் செய்தாலும் கெட்டியான, புளிப்பான ஆப்பிளாகப் பார்த்து எடு.

மாவு விஷயம். மைதா இரண்டரைக் கிண்ணம் என்றால் டால்டா ஒரு கிண்ணம். நீ வெண்ணெய் போடுகிறாய், நல்லதுதான், ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடு. அப்பத்தா விடியற்காலையில்தான் மாவு பிசைவாள். அந்தக் குளிரில் மஞ்சள் டின்னில் டால்டா பாறையாக இருக்கும், கத்தியால் சீவித்தான் எடுக்க வேண்டும். கையைப் பானைத் தண்ணீரில் முக்கி, துடைத்துவிட்டு, விரல் நுனியால் மட்டும் உதிர்ப்பாள், உள்ளங்கை படாது. புட்டு மாவு மாதிரி ஆனதும் நிறுத்திவிடுவாள். அங்கங்கே பட்டாணி அளவுக்கு டால்டா கட்டி தெரிந்தால் நல்லது. சூட்டில் அது உருகி விடுகிற இடம்தான் அடுக்கடுக்காகப் பிரிந்து பொரபொரப்பாகிறது. அப்புறம் குளிர்ந்த தண்ணீர் நாலைந்து கரண்டி, ஒன்று சேர்கிற அளவுக்கு. பரோட்டா மாவை அடித்துப் பிசைகிற மாதிரி இதைப் பிசைந்தால் ரப்பராகிவிடும். உன் கை பிசைந்தே பழகின கை, அங்கேதான் தப்பு நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் அடி ஈரமானதற்குக் காரணம் பெரும்பாலும் பழத்தின் சாறுதான். பேரியைத் தோல் சீவி நறுக்கி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தட்டின பட்டை, ரெண்டு ஏலக்காய் போட்டுப் பிசறி அரைமணி நேரம் வைப்பாள். ஏலக்காய் துரைசானி வீட்டு வழக்கம் இல்லை. தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் ஒரு கை கொண்டு வருவார்கள், அதனால் போட்டுப் பார்த்தாள். துரைசானியே அப்புறம் அதைக் கேட்டு வாங்கினாராம். சரி, அரைமணி நேரத்தில் பழம் சாறு விடும். அந்தச் சாற்றை வடித்து, தனியே அடுப்பில் வைத்து, பாகு பதத்துக்குச் சுண்டவைத்து மறுபடி பழத்தில் ஊற்றுவாள். ஒரு கரண்டி மைதாவும் தூவுவாள். நீ இதைச் செய்திருக்க மாட்டாய்.

இன்னொன்று அடிச்சூடு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் தகர அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் வெட்டிக் கதவு மாதிரி மடக்கியிருப்பார் உன் தாத்தா. உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். மூன்று கல்லின் மேல் வைத்து, அடியில் தணல், மேலேயும் தணல். மணல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தட்டை உள்ளே வைப்பாள், அதனால் அடிமாவு வைத்ததுமே இறுகத் தொடங்கிவிடும். சூடு பார்ப்பதற்குக் கையை உள்ளே நீட்டிக்கொண்டு பரமண்டல ஜெபம் சொல்லுவாள். அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கிற வரி வரும்போது கை தாங்காமல் இழுத்தால் சரியான சூடு. அதற்கு முன்பே இழுத்தால் மேல் தணலைக் கொஞ்சம் தள்ளிவிடுவாள். ஆமென் வரை தாங்கினால் இன்னும் விறகு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சொல்லுவேன். இப்போதும் கோயிலில் அந்த வரி வரும்போது எனக்குப் பட்டை வாசனை அடிக்கிறது.

அந்தத் தகர அடுப்பு எங்கே என்று ஆறு வயதில் நீ என்னிடம் கேட்டாய். நினைவிருக்கிறதா? துருப்பிடித்து ஓட்டையாகிப் போச்சு, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். 1997ல் அப்பத்தா போனாள். மறுவருஷம் சாய்ப்பை இடித்து, சிமெண்ட் மேடை கட்டும்போது, அதையும் ஊதுகுழலையும் பழைய இரும்புக்காரருக்கு நான்தான் எடுத்துப் போட்டேன். முப்பது ரூபாய் கொடுத்தார். புதுசாகக் கட்டின அடுப்படியில் கரிப்பிடித்த டின் எதற்கு என்று அப்போது நினைத்தேன். அவள் கை பட்டுப் பட்டு அந்தக் கதவின் ஒரு மூலை பளபளவென்று இருந்தது. அதை அவர் சாக்கில் போடும்போது பார்த்தேன், பார்த்தும் திருப்பி வாங்கவில்லை. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

உன் கேள்வி வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் மூஞ்சிக்கல்லில் எண்ணெய்க் கடைக்காரரிடம் ஒரு காலி டின் வாங்கி, வெட்டி, பின்கட்டில் கல் கூட்டி மூட்டினேன். முதல் பை மேலே கருகி, உள்ளே வேகவில்லை. இரண்டாவது தடவை மணலை அரைமணி நேரம் காயவிட்டேன். நறுக்கும்போது ஓசை வந்தது தம்பி, அந்தப் பழைய ஓசை. அடியும் காய்ந்து இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டாள். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

உனக்கு மணல் தேவையில்லை. கனமான இரும்புத் தட்டு ஒன்றை ஓவனுக்குள் அடித்தட்டில் வைத்து, அரைமணி நேரம் 200 டிகிரியில் காயவிடு. பைத் தட்டை அதன் மேலேயே வை. இருபது நிமிஷம் கழித்துச் சூட்டைக் குறை. மேல் மாவில் நாலு கீறல் போட மறக்காதே, ஆவி வெளியே போக வேண்டும். வெந்ததும் உடனே வெட்டாதே, பாகு இறுக இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்பத்தா அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எங்களைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவாள்.

துரைசானி ஊருக்குப் போகும்போது அவளுக்குக் கொடுத்த வெள்ளை எனாமல் தட்டை மட்டும் நான் இரும்புக்குப் போடவில்லை. பரண்மேல் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நீல விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது, ஓட்டை இல்லை. டிசம்பரில் வரும்போது அதை எடுத்துக்கொண்டு போ. பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா