கயலுக்கு, பக்கவாட்டு எக்ஸ்ரே பற்றி

அன்புள்ள கயல்,

அம்மாவுக்கு ‘ரீ-டேர்’ (மறுபடி கிழிசல்) என்று ஒரு மெசேஜ். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து பேச்சில்லை. யார் முட்டி என்று நான் கேட்கப்போவதில்லை. பொதுவாக எழுதுகிறேன்.

ஏசிஎல் என்கிற முட்டியின் முன் குறுக்குத் தசைநாருக்குப் பதிலாக வைத்த கிராஃப்ட் மறுபடி கிழிந்தால், முதலில் அதைக் கோத்த டனலை, அதாவது எலும்புத் துளையைப் பார். தொடையெலும்புத் துளை முன்னால் தள்ளிப்போயிருந்தால், முட்டி மடங்கும்போது கிராஃப்ட் இறுகி நாளடைவில் நீண்டுவிடும். முட்டிக்குக் கீழுள்ள எலும்பான டிபியா வழியாகவே துளைத்தால் கிராஃப்ட் செங்குத்தாக நிற்கும்; முன்னே இழுத்துப் பார்க்கும் லேக்மன் சோதனை நன்றாக இருக்கும், முட்டி முறுகி வழுகும் பிவட் ஷிஃப்ட் போகாது. சிடி ஸ்கேன் எடுக்காமல் ரிவிஷனுக்கு, அதாவது மறு ஆபரேஷனுக்குக் கை வைக்காதே. துளை 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்திருந்தால் எலும்பு வைத்து நிரப்பு, அது கூடிய பிறகு அடுத்த ஆபரேஷன். அவசரப்படாதே. அவசரம் உனக்கு அத்தையிடமிருந்து வந்தது.

தொடைப் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைநாணை மடித்து 8 மில்லிமீட்டர் தடிமன் வரவில்லையா, ஐந்தாறு மடிப்பாக்கு. இல்லாவிட்டால் பட்டெல்லா (முட்டிச்சில்லு) தசைநாண் எடு. சின்ன வயது விளையாட்டுக்காரருக்கு வேறொருவரிடமிருந்து எடுத்த டோனர் கிராஃப்ட் வேண்டவே வேண்டாம்.

பிவட் ஷிஃப்ட் பலமாக இருந்தால் வெளிப்பக்கம் டெனோடெசிஸும் (பட்டையை எலும்பில் பிணைப்பது) சேர்த்துச் செய். 2020-இல் வந்த ஸ்டெபிலிட்டி ஆய்வு உனக்குத் தெரியும்: 14 முதல் 25 வயதுக்காரர்கள் 618 பேர், ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்தவர்களில் 11 சதவீதம் கிழிந்தது, சேர்த்துச் செய்தவர்களில் 4. தொடையின் வெளிப்பக்கப் பட்டையான ஐடி பேண்டில் 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளம் எடு. டிபியாவின் கெர்டி மேட்டில் ஒட்டியபடியே விட்டு, வெளிப்பக்கத் தசைநாரான எல்சிஎல்லுக்கு அடியில் நுழைத்து, அது தொடையெலும்பில் ஒட்டுமிடத்துக்குச் சற்று மேலே, பின்னால் ஸ்டேபிள் போடு. முட்டி 60-70 டிகிரி மடங்கியிருக்க, பாதம் நேராக. இழுத்துக் கட்டாதே, வெளிப்பக்க மூட்டு இறுகிப்போகும். உன் கை என் கையைவிடச் சுத்தம், அதனால்தான் இழுக்காதே என்கிறேன்.

மூட்டுக்குள் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸின் பின்பக்க உள்மூலையை, தொடையெலும்பின் நடுப்பள்ளமான நாட்ச் வழியே எட்டிப் பார். அங்கே வரும் ராம்ப் கிழிசல் முன்னாலிருந்து பார்த்தால் தப்பிவிடும். தைக்காமல் விட்டால் கிராஃப்ட் மேல் சுமை கூடும்.

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தாயா? டிபியாவின் பின்சாய்வு 12 டிகிரிக்கு மேலிருந்தால், ஒவ்வொரு அடிக்கும் டிபியா முன்னே தள்ளும். முதல் தடவை அதைத் தொட வேண்டாம் என்பேன். கிழிந்ததே மறுபடி கிழிந்தால் முன்பக்கம் ஆப்பாக வெட்டிச் சாய்வைக் குறைப்பதை யோசி.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறக்காதே, கோச் யார் வந்து கேட்டாலும். தொடை முன்பக்கத்து குவாட்ரிசெப்ஸ் தசைக்கு மறுகாலின் பலத்தில் 90 சதவீதமாவது வரட்டும். இவ்வளவும் சரியாகச் செய்தும் சிலருக்குக் கிழியத்தான் செய்யும், கயல்.

சிடியையும் பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் அனுப்பு. சாய்வை நானும் ஒரு தடவை அளக்கிறேன். பேச வேண்டாம், படம் மட்டும் அனுப்பு.

அப்பா