சாளை மீனும் தந்தைவழி மரபும்

மண்டபம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் தந்தையாருக்கு வந்த புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) புற்றுநோய் இப்போது அண்ணனுக்கும் வந்திருப்பதைச் சொல்லி, 'இரத்தத்தில் வருவதைச் சோறு மாற்றுமா?' என்று கேட்டிருந்தாய். ஊர்ச் செய்திகளை ஒதுக்கிவிட்டு அதற்கு மட்டும் இன்று பதில் எழுதுகிறேன்.

தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் 'இந்நோயில் மரபின் பங்கு 57 விழுக்காடு' என்று எழுதி அஞ்சியிருந்தாயே, அது உனக்கு நோய் வரும் வாய்ப்பன்று. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளின் இரட்டையர்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அக்கணக்கு, ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடும் நோய்வாய்ப்பில் மரபின் பங்கு எவ்வளவு என்பதையே சொல்கிறது. ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடம், மரபணு மாறாதிருந்தும், இந்நோய் கூடியதை நினைத்துப் பார்.

இன்று காலை கரையில் வாங்கிய சாளையை மண்சட்டியில் குழம்பு வைத்தோம். புளிக்கரைசலின் மேல் மீன்நெய் வட்டம் வட்டமாக மிதந்தது. ஒமேகா-3 என்னும் கொழுப்பு இருப்பது அந்த நெய்யில்தான். சால்மன் வகைக் கொழுப்பு மீன்களை வாரந்தோறும் உண்ட ஆண்களிடம் இந்நோய் குறைவாக இருந்ததை 2006இல் வெளிவந்த சுவீடன் ஆய்வொன்று கண்டது. ஆனால், அழற்சியோடு தொடர்புடைய காக்ஸ்-2 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கொண்டவர்களிடமே அக்குறைவு தென்பட்டது. ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டலாகாது என்றாலும், உணவையும் மரபையும் தனித்தனியே வைத்துப் பார்க்க முடியாது என்பது எனக்கு இதில்தான் விளங்கிற்று.

நீ விழுங்கத் தொடங்கியிருக்கும் வைட்டமின் ஈ மாத்திரையை, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்திவிடு. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரும் ஆய்வில், நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு இந்நோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது 2011இல் தெரியவந்தது. மீனிலும் காய்கறியிலும் கிடைப்பது போதும்.

உன் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததையும் மருத்துவரிடம் மறவாமல் சொல். பி.ஆர்.சி.ஏ-2 மரபணுவில் ஏற்படும் பழுது இரண்டு நோய்க்கும் காரணமாகலாம்.

தீபாவளிக்கு ஊருக்கு வருமுன் மருத்துவரைக் கலந்து புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாளைக் கையோடு கொண்டு வா. தம்பியையும் உடன் அழைத்துப் போ. அவன் ஐம்பது வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்