தை பிறக்குமுன் ஒரு நாள் வாருங்கள்

குமரி மாவட்டத்தில் காட்டையும் தீயணைப்பையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாசியில் எங்கள் ஊருக்கு மேலே மலை எரிந்தது உங்களுக்குத் தெரியும். எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். நாங்கள் எதை வைத்து அணைத்தோம் என்பது இருக்காது.

பச்சைக் கொப்பு.

தீயணைப்பு வண்டி ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. அதைக் குறை சொல்லவில்லை, அதற்கு மேலே ஒற்றையடிப் பாதைதான். பதினாலு பேர் கொப்பை ஒடித்துக்கொண்டு ஏறினோம். இலை கருகினால் அடுத்த கொப்பு. பக்கத்து வீட்டு அண்ணன் தென்னை ஏறுகிறவர். காலில் ரப்பர் செருப்பு. சூட்டில் அதன் அடி இளகிப் பாறையில் ஒட்டிக்கொண்டது. காலை இழுத்ததில் வார் அறுந்து, வெறுங்காலைத் தணலில் ஊன்றிவிட்டார். இரண்டு மாதம் மரம் ஏறவில்லை. ஏறாத நாளுக்குக் கூலி யார் தருவார்? அந்தச் செருப்பு இன்னும் பாறையில் கருப்பாக ஒட்டிக் கிடக்கிறது. வந்தால் காட்டுகிறோம்.

அப்புறம்தான் ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் சொன்னார்: தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும், அதற்கு மேலே நின்று அடிக்கவே கூடாது. நாங்கள் அன்று முழுக்க மேலேதான் நின்றோம். காற்று கொஞ்சம் மாறியிருந்தால் இந்த மடலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மலையேறப் போகிறவர்களுக்கு விதிகள் வந்தன, நல்லது. மலையடியிலேயே குடியிருப்பவனுக்கு என்ன வந்தது? எங்கள் ஊருக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வந்தது. உறுதிமொழி எடுத்தோம், ஜூஸ் குடித்தோம். அன்று கட்டிய ஃபிளெக்ஸ் இப்போது எங்கள் விறகை மழையில் நனையாமல் காக்கிறது. காட்டில் தீப்பிடித்தால் செயற்கைக்கோள் பார்த்து, டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவைத் துறையிலிருந்து செல்பேசிக்குச் செய்தி வருகிறதாம். வானத்திலிருந்து கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது, கீழே அடித்து அணைக்கத்தான் கொப்பு.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் உதிர்ந்த சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துகிறவர்களும் உண்டு. பீடித் துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதட்டினால் இவர்கள் கேட்கமாட்டார்கள். சொந்த ஊர்க்காரன் பயிற்சி எடுத்துவிட்டு வந்து சொன்னால் கேட்பார்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான். தை பிறக்குமுன் ஊரில் பத்துப் பேருக்குச் செய்முறைப் பயிற்சி கொடுங்கள். பேச்சு வேண்டாம், மலையில் நிறுத்திக் காட்டுங்கள். கெட்டியான பூட்ஸ், கையுறை, நீளக் கைப்பிடி வைத்த தீயடிக்கும் தட்டை, மருந்தடிப்பதுபோல் முதுகில் மாட்டும் தண்ணீர் பம்பு ஆகியவற்றை ஊரிலேயே வையுங்கள், அலுவலகத்தில் பூட்டி வைக்க வேண்டாம். தீ தாண்டாமல் இருக்கப் புல்லையும் சருகையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையை மார்கழியிலேயே எங்களுக்குக் கூலிக்குக் கொடுங்கள். மாசியில் வெட்டிப் பயனில்லை.

தயவுசெய்து தை பிறக்குமுன் வாருங்கள். வருகிற தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ரப்பர் பால்வெட்டு முடித்து, பதினொரு மணிக்கு மேல் எல்லோரும் ஊரில் இருப்போம்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து ஊர்க்காரன் ஒருவன்