ஒரே கேபிளில் இரண்டு கேமராக்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கேமராவுக்கு அருகில், வாகன நிறுத்தத்தைக் கண்காணிக்க இன்னொன்று வேண்டும் என்றபோது, சுவரைத் துளைத்துப் புதிய கேபிள் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் ஒப்பந்ததாரர். உண்மையில், நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் செல்லும் 'பிஓஇ' முறையில், ஏற்கெனவே உள்ள கேபிளின் முனையில், அதை இரு இணைப்புகளாகப் பிரித்துத் தரும் ஓர் எக்ஸ்டெண்டரைப் பொருத்தினால் இரு கேமராக்களும் ஒரே கேபிளில் இயங்கும். ஆனால் 2003-இல் வந்த பிஓஇ தரப்படி, கேமரா கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற கருவியின் ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) தரும் 15.4 வாட்டில், 100 மீட்டர் கடந்த பின் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட் மட்டுமே. எக்ஸ்டெண்டரும் இரு கேமராக்களும் அதற்குள் அடங்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. இருட்டி, இரவில் படமெடுக்க உதவும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து மின்தேவை கூடியதும் அணைந்து அணைந்து எழுந்தது. பழைய கேபிளின் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன்: மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். அலுமினியம் செம்பைவிட மின்னோட்டத்தை அதிகம் தடுப்பதால், வழியிலேயே கூடுதல் மின்சாரம் வீணாகும்; இந்தக் கேபிளுக்குச் செம்பு என்றே ரசீது தந்திருந்தார்கள். (கடைசியில் புதிய கேபிள்தான் இழுத்தோம் என்பது வேறு கதை.) கம்பி முழுச் செம்பா, பூச்சா என்பதை மேலுறையிலேயே தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கப் பொருளாளர் ஒருவர்,
மதுரை.