ஞாயிறு மாலை ‘தில்லானா மோகனாம்பாள்’

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் முழுக்கக் குழுவில் ‘தில்லானா மோகனாம்பாள்’ காட்சிகளாகவே வந்து குவிகின்றன, ரொம்ப சந்தோஷம். ஒரு வேண்டுகோள்: நாதசுரக் காட்சியைப் பகிரும்போது சிவாஜியோடு, உண்மையில் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் பெயரையும் போடுங்கள். அவர்கள் வாசிப்புக்கு ஏற்ப சிவாஜியின் கன்னம் உப்புவதையும் விரல்கள் துளைகள்மீது ஓடுவதையும் பாருங்கள். ‘நலந்தானா’வில் பத்மினி கண்ணிலேயே லயித்து இதை விட்டுவிடுகிறோம்.

1968-இல் வந்த படத்தை ஞாயிறு மாலை 6 மணிக்கு முத்தியால்பேட்டை மாடியில் முழுசாகப் போடுகிறோம். செல்போன் சத்தத்தில் தவில் எடுபடாது, பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கொத்தமங்கலம் சுப்புவின் மூல நாவல் யாரிடமாவது இருந்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள்.